விண்டர்கிரீன் தைலமும் எஸ்டர் என்னும் வஸ்துவும்

நீலகிரிச் சோலைகளின் ஓரங்களிலும் குன்னூரைச் சுற்றிய உயர்ந்த சரிவுகளிலும், வெண்ணிறச் சிறு புஷ்பங்களும் கருநீலக் கனிகளும் உடைய குற்றுச்செடி ஒன்று வளர்கின்றது. தாவர சாஸ்திரிகள் இதனைக் கோல்தீரியா என்பர். இதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் சுளுக்குக்குப் பூசும் தைலத்தின் வாசனை எழும். விண்டர்கிரீன் தைலம் இவ்விலையிலிருந்து வடிக்கப்படுவதேயாகும்.

இத்தைலம் அநேகமாக முழுவதும் மெதில் சாலிசிலேட் என்னும் ஒரே வஸ்துவாலானது. இது எஸ்டர் வகுப்பைச் சேர்ந்தது. ஓர் அமிலமும் ஒரு சாராய வகையும் கூடி, நீர் நீங்கினால் உண்டாவது எஸ்டர். வாழைப்பழத்தின் மணத்திலும் எஸ்டர்களுக்கே முக்கிய பங்குண்டு. தேங்காயெண்ணெயும் நெய்யும்கூட இவ்வகுப்பினவே. காரம் சேர்த்துக் காய்ச்சினால் எண்ணெய் சவுக்காரமாவது, அதிலுள்ள எஸ்டர் பிரிவதனாலேயாம். நீலகிரித் தேயிலையின் நறுமணத்திலும் மெதில் சாலிசிலேட் கலந்திருக்கின்றது.

தைலம் வடிப்போர் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பச்சை இலையில் தைலம் ஆயத்தமாக இருப்பதில்லை. சர்க்கரைப் பொருளுடன் பிணைந்து கிடக்கின்றது. இலையிலேயே உள்ள ஒரு நொதிதான் அப்பிணைப்பை அறுப்பது. ஆதலால் இலையை நசுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவிட்டுப் பின்னர் காய்ச்சுதல் வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிக்க வைப்பின் நொதி அழிந்துபோம். விறகு செலவாகுமேயன்றித் தைலம் குறையும்.

யூகலிப்டஸ் தைலம் வடித்துப் பழகியவர்களுக்கு மற்றொரு எச்சரிக்கை. அத்தைலம் நீரின்மேல் மிதப்பது. இதுவோ நீரினும் கனமாதலால் அடியில் தங்கும். அடிக்குழாய் வழியே நீரை வெளியேற்றும் பழைய பாத்திரத்தையே உபயோகித்தால், தைலம் நீருடன் சாக்கடைக்குப் போய்விடும். இரும்புப் பாத்திரமும் ஆகாது. இரும்பு பட்டால் தைலம் செந்நிறமடையும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னை அரசாங்கத்தின் சிங்கோனா இரசாயன நிபுணராக உதகையில் இருந்த ஜான் பிரௌட்டன் இத்தைலத்தைச் சோதித்து, இதிலிருந்து கார்பாலிக் அமிலம் செய்யலாமென்று காட்டினார். நிலக்கரித் தாரிலிருந்து அவ்வமிலம் மலிவாய்க் கிடைத்தமையால், அம்முறை நிலைபெறவில்லை. இரசாயனசாலைகளில் செய்யப்படும் மெதில் சாலிசிலேட்டும் இப்போது ஏராளமாய் விற்பனையாகின்றது. பொருள் ஒன்றேயாயினும், அதனை இலைத்தைலமென்று கூறி விற்பது மோசமே. வடிப்போர் இலை வாங்கிய கணக்கை எழுதி வைப்பது நலம். சோலையில் இலை பறிக்க வன இலாகாவின் அனுமதியும் வேண்டும்.

இத்தைலத்தை ஒருபோதும் உட்கொள்ளலாகாது. ஒரு தேக்கரண்டித் தைலம் (5 மில்லி லிட்டர்) இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமாகும். அச்சிறிய அளவே குழந்தையின் உயிரைப் போக்கவல்லது. இனிய வாசனையால் குழந்தைகள் ஏமாறக்கூடுமாகையால், புட்டியை எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், புட்டியையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.