இலை கொடுத்து அழைக்கும் ஆவாரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சாலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே மஞ்சளாகப் பூத்து நிற்பது ஆவாரை. தை பிறப்பதற்கு முதல் நாள் வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் காப்புக் கட்ட இதைத்தான் ஒடித்து வருகிறோம். ஆனால், வீட்டுக்குப் பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் நர்சரிக்குப் போய் வேறு ஏதோ பூச்செடியை விலைக்கு வாங்குகிறோம். இந்தக் காய்ந்த சீமையில் பட்டாம்பூச்சிக்காக ஒரு செடி வைப்பதென்றால் முதலில் வைக்க வேண்டியது ஆவாரைதான்.

பூவில் தேன் இல்லை

ஆவாரம்பூ தேன் சுரப்பதில்லை. தேடி வரும் தேனீக்களுக்கு அது தருவது மகரந்தம் மட்டுமே. மகரந்தப் பையின் நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகத்தான் அதுவும் வெளியே வரும். கன்னங்கரிய தச்சுத் தேனீ பூவைக் கால்களால் கவ்விக்கொண்டு, சிறகடிக்காமல் சிறகுத் தசைகளை மட்டும் அதிரவிடும். ரீங்காரம் கேட்கும் அந்த நொடியில் மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும்.

உறிஞ்சுகுழல் மட்டுமே உள்ள நம் ஊர்ப் பட்டாம்பூச்சிகளுக்கு இந்த மகரந்தத்தால் பயனில்லை. அவை ஆவாரையைத் தேடி வருவது முட்டையிட. வெளிர்பச்சை கலந்த வெண்சிறகுள்ள ‘கேட்டாப்சிலியா பைராந்தே’ போன்ற பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் ஆவாரை, கொன்றை குடும்பத்து இலைகளைத் தின்று வளர்பவை. பெண் பூச்சி இலைமேல் அமர்ந்து கால்களால் தட்டிப் பார்க்கும். காலில் உள்ள சுவை உணர்விகள் ‘இதுதான் செடி’ என்று உறுதி சொன்ன பிறகே முட்டையிடும்.

துளிர் இலையை உற்றுப் பார்த்தால் நெட்டுக்குத்தாக நிற்கும் மெல்லிய வெண்முட்டை தெரியும். சில நாளில் பச்சைப் புழு வெளிவரும். இலையின் நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. பக்கவாட்டில் ஓடும் வெளிர்கோடும் பொடிக் கரும்புள்ளிகளும் அதன் அடையாளம். முட்டையிலிருந்து சிறகு விரிய மூன்று, நான்கு வாரம் ஆகும்.

வளர்ப்பது எப்படி?

இந்த வட்டாரம் அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். அந்த மழையைப் பிடித்துக்கொண்டு வேரூன்றிவிட்டால் ஆவாரை கோடையைத் தாங்கும்.

முற்றிக் காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுங்கள். விதைத்தோல் கெட்டியானது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். ஐப்பசி மழையை ஒட்டி நேரடியாக விதைப்பது நல்லது. ஆணிவேர் தடையில்லாமல் இறங்கும். கரிசலில் தண்ணீர் தேங்கும் இடமென்றால் மண்ணைக் கூட்டி மேடாக்கி விதையுங்கள். செடிக்குச் செடி ஐந்தடி போதும். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் விட்டால் பிறகு மழை பார்த்துக்கொள்ளும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துத் துளிரும். புழுவுக்கும் இளம் இலை கிடைக்கும்.

வளர்ந்த பூச்சிக்குத் தேன் வேண்டுமே? பக்கத்தில் தானாக முளைக்கும் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் களையென்று பிடுங்காமல் விடுங்கள். தேன் உண்டு என்பதற்காக உன்னிச்செடியை நடாதீர்கள்; அது பரவி மற்ற செடிகளை அமுக்கிவிடும். இலையில் ஓட்டை விழுந்ததும் மருந்து அடிக்கவும் வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசல்கூட இந்தப் புழுக்களைக் கெடுக்கும். தின்ற இலைக்கு ஈடாக ஆவாரை மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.

அந்நியக் களைச்செடிகளை அகற்றி இயல்பான தாவரங்களை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கை வகுத்தது. நம் கண்மாய்களில் சீமைக் கருவேலத்தை அகற்றும்போது இடையில் நிற்கும் ஆவாரையை அடையாளம் கண்டு விட்டுவைக்க வேண்டும். வெறுமையான கரைகளில் அதன் விதையைத் தூவ வேண்டும். ஊராட்சிகளும் பள்ளிகளும் நெற்று சேகரிப்பை இந்தக் கோடையிலேயே தொடங்கினால், வரும் ஐப்பசிக்கு விதை கையில் இருக்கும்.