வற்ற மறந்த ஏரிகள்

சித்திரை வெயிலில் நகரத்துக்குள் ஓர் ஏரி தளும்ப நிற்பதைப் பார்த்தால் மனசு குளிரத்தான் செய்யும். மழை நின்று நாலு மாதம் ஆகியும் தண்ணீர் அப்படியே இருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் கவலைப்பட வேண்டிய காட்சி அது. தமிழ்நாட்டுச் சமவெளியில் மழையை நம்பிக் கட்டிய ஏரி கோடையில் வற்றியாக வேண்டும். அந்த வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது. மாசியிலிருந்து வைகாசி வரை கணக்கிட்டால் ஏறக்குறைய முக்கால் மீட்டர். நம் ஏரிகளில் பெரும்பாலானவை ஓர் ஆள், இரண்டு ஆள் ஆழம்தான். பாசனத்துக்குப் போவதும் மண்ணுக்குள் இறங்குவதும் சேர்ந்தால் வைகாசியில் தரை தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால், மழை தவிர வேறு ஏதோ அந்த ஏரியை அன்றாடம் நிரப்புகிறது என்று பொருள். நகரங்களில் அது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்.

ஆற்றுநீர் வரத்து உள்ள வீராணத்தையும், குடிநீருக்காகத் தேக்கிவைக்கும் செம்பரம்பாக்கம் போன்றவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொல்வது ஊருக்கு ஒன்றாக இருந்த சாதாரண ஏரியை. தெற்கே போனால் கண்மாய் என்பார்கள். மாநிலம் முழுக்கச் சுமார் 39,000 இருப்பதாக அரசுக் கணக்கு.

இந்த ஏரிகளை யாரும் ஆழமாகத் தோண்டிக் கட்டவில்லை. லேசான சரிவுள்ள நிலத்தில் தாழ்ந்த பக்கமாகப் பார்த்துப் பிறை வடிவில் ஒரு மண்கரை போட்டார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கத்திலிருந்துதான் ஓடையும் வரத்துக் கால்வாயும் தண்ணீர் கொண்டுவரும். கரையில் மதகு இருக்கும். அதன் வழியே வயலுக்குத் தண்ணீர் போகும். ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. ஒரே ஓடையில் பத்து, இருபது ஏரிகள் இப்படி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அமைந்திருக்கும். மேலே ஓர் ஏரியில் செய்யும் நல்லதும் கெட்டதும் கீழே உள்ள எல்லா ஏரிகளுக்கும் போய்ச் சேரும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும். தை, மாசி வரை மதகு திறப்பதும் மூடுவதுமாக இருக்கும். எந்த மடைக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்ப்பதற்கு நீர்க்கட்டி என்று ஊரில் ஒருவர் இருப்பார். பங்குனியில் தண்ணீர் மேட்டு ஓரங்களை விட்டுக் கரைப் பக்கம் ஒதுங்கும். அந்த ஓரச் சேற்றில் கொக்கும் நாரையும் வந்து மேயும். கடைசியாக முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது ஊர்கூடி மீன் பிடிப்பார்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இது இன்றும் திருவிழாவாகவே நடக்கிறது. பிறகு தரை காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளி வயலில் கொட்டுவார்கள். ஆடுமாடுகள் உள்ளே இறங்கி மேயும்.

ஏரியின் ஆரோக்கியமே இந்தக் காய்ச்சலில்தான் இருந்தது. மழைக்காலத்தில் மேட்டு நிலத்திலிருந்து அரித்து வரும் மண்ணோடு சாணமும் இலைதழையும் பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற சத்துகளும் ஏரிக்குள் சேரும். வண்டலோடு அவை வெளியேறி வயலுக்குப் போகும். மீனாகவும் புல்லாகவும் கொஞ்சம் வெளியேறும். காய்ந்த சேற்றுக்குள் காற்று புகுந்து, அழுகிக் கிடந்தது மக்கி முடியும். அடுத்த ஐப்பசியில் ஏரி ஏறக்குறையப் புதிதாகத் தொடங்கும். இந்த வறட்சிக்கு ஏற்றபடிதான் நம் நாட்டு மீன்களும் வாழப் பழகியிருந்தன. விராலும் குரவையும் நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும்.

இப்போது அதே ஏரிக்குள் கழிவுநீர் வருகிறது என்று வையுங்கள். மழைநீர் வந்த அதே கால்வாய்தான்; மேட்டில் வயல் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன, பாதாளச் சாக்கடை வரவில்லை. குளியலறை, சமையலறை, கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் மழைநீர் வடிகாலில் விழுந்து ஏரிக்குப் போகிறது. முதலில் தெரியும் மாற்றம் நிறம். தெளிந்தோ செம்மண் கலங்கலாகவோ இருந்த தண்ணீர் பச்சையாகிறது. சத்து மிகுந்ததால் கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் பெருகுவதுதான் அந்தப் பச்சை. அடுத்து ஆகாயத்தாமரை வருகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சத்துள்ள தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இருமடங்காகக்கூடியது. சில மாதங்களில் ஏரி விளையாட்டு மைதானம் போலப் பச்சைத் தரையாகத் தெரியும்.

விடியற்காலையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால், யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பச்சைத் தண்ணீர் நிற்கும் ஏரியில் விஷம் இல்லாமலேயே இது நடக்கும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியிடுகிறது. உச்சிவேளையில் தண்ணீரில் ஆக்சிஜன் தேவைக்கு மேலேயே இருக்கும். பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடுகிறது. ஆனால் பாசியும் மீனும் சேற்றில் அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்களும் இரவு முழுக்க மூச்சு விட்டாக வேண்டும். எல்லாம் சேர்ந்து இருக்கிற ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே போகும். விடிவதற்குச் சற்று முன்தான் அது மிகக் குறைவாக இருக்கும். முந்தின நாள் மேகமூட்டமாக இருந்து, கையிருப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தால் அந்த இரவை மீனால் கடக்க முடியாது. கோடை மழை திடீரென்று கொட்டி அடிச்சேற்றைக் கலக்கிவிட்டாலும் இதேதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை விடிகாலையில் கரையில் நின்றாலே பார்க்கலாம். வெயில் நன்றாக ஏறிய பிறகு தண்ணீரைச் சோதித்தால் ஆக்சிஜன் சரியாக இருப்பதாகவே தெரியக்கூடும். நண்பகலில் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து ஏரியின் நலத்தைச் சொல்லிவிட முடியாது.

இந்த நிலையைத் தாங்கி நிற்பவை ஜிலேபி போன்ற மீன்கள். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா வகை அது. குறைந்த ஆக்சிஜனிலும் சமாளிக்கும். இடைவெளி விடாமல் இனம் பெருக்கும். கெண்டையும் அயிரையும் இருந்த ஏரியில் வலை போட்டால் ஜிலேபி மட்டும் வருகிறது என்று மீன் பிடிப்பவர்கள் சொன்னால், அதைவிடத் தெளிவான பரிசோதனை அறிக்கை தேவையில்லை.

இதன் கடைசிக் கட்டத்தை நாடே பார்த்தது பெங்களூரு பெல்லந்தூரில். அந்த நகரத்தின் மிகப் பெரிய ஏரி, சுமார் 900 ஏக்கர். அதுவும் நம்முடையது போலக் கரை கட்டிய ஏரிதான். நகரத்தின் கழிவுநீரில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக அதற்குள் போனது. சோப்புத் தூளில் உள்ள நுரைக்கும் பொருள் சேற்றில் படிந்து கிடக்கும். பெரிய மழை வந்து கலக்கியதும், கலங்கலில் தண்ணீர் விழுந்து அடிபடும் இடத்தில் ஆளுயர நுரையாக எழுந்து சாலைக்குப் பறக்கும். 2015 மே மாதம் நுரையே தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் ஏரிக்குள் பற்றிய தீயை அணைக்க ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. இது கர்நாடகத்தோடு முடியவும் இல்லை. பெல்லந்தூர் வழிந்தால் வர்த்தூர், அங்கிருந்து தென்பெண்ணை, தென்பெண்ணையில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. அந்த அணையில் நுரை பொங்குவதை ஓசூர்க்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். ஒரு மாநிலத்து ஏரியின் கலங்கலில் விழுந்தது அடுத்த மாநிலத்து விவசாயியின் மதகில் வந்து நிற்கிறது.

கழிவுநீரை இன்றே நிறுத்திவிட்டால் ஏரி உடனே தெளியுமா என்றால், தெளியாது. பல ஆண்டுகளாகச் சேற்றில் படிந்த பாஸ்பரஸ் அங்கேயே இருக்கிறது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாதபோது சேறு அதை மறுபடி தண்ணீருக்குள் விடும். ஆகவே ஆகாயத்தாமரையை மட்டும் இயந்திரம் வைத்து அள்ளினால் அடுத்த பருவத்தில் திரும்ப முளைக்கிறது. அள்ளுவது வீண் வேலை என்று சொல்லவில்லை. அதைக் கரையிலேயே குவித்து அழுகவிட்டால்தான் வீண். சத்து திரும்பத் தண்ணீருக்கே போய்விடும்.

கிராமத்து ஏரிகளின் கதை நேர் எதிரானது. அவை வற்றுகின்றன, ஆனால் நிரம்புவதில்லை. மின் மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்த பிறகு மதகை நம்பி விவசாயம் செய்ய வேண்டிய கட்டாயம் போனது. கட்டாயம் போனதும் வரத்துக் கால்வாயைத் தூர்வார ஆண்டுக்கொரு முறை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நின்ற குடிமராமத்து நின்றது. நீர்க்கட்டியின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். கால்வாயில் ஒருவர் வரப்பை நகர்த்தினார், ஒருவர் வீட்டுமனை போட்டார், இன்னோர் இடத்தில் புதுச் சாலை குழாய் வைக்காமல் குறுக்கே போனது. ஏரியின் பரப்பு அளந்தால் சரியாகவே இருக்கும். தண்ணீர் வரும் வழிதான் இருக்காது. காய்ந்த தரையில் சீமைக் கருவேலம் அடர்ந்து காடாகிவிடும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மைல் கணக்கில் இதைப் பார்க்கலாம். வண்டல் அள்ளுவதும் நின்றதால் மதகை ஒட்டிய ஆழப்பகுதி மேடிடுகிறது. அதே அளவு தண்ணீர் முன்பைவிட அகலமாக, ஆழமில்லாமல் பரவி நிற்கும். அப்படி நிற்கும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். மழையும் இப்போது சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அந்த வேகத்தில் மண் அரித்து வருவதும் அதிகம், பலவீனமான கரை உடைவதும் அதிகம்.

மறைந்தே போன ஏரிகளுக்கு ஊர்ப் பெயர்கள் சாட்சி. சென்னையில் தியாகராய நகர் எழுந்தது 1920-களில் வற்றடிக்கப்பட்ட நெடிய ஏரி ஒன்றின் நிலத்தில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது, ஏரி இல்லை. முகப்பேரிலும் அம்பத்தூரிலும் ‘ஏரித் திட்டம்’ என்பது குடியிருப்பின் பெயர்.

இப்போது ஏரி சீரமைப்பு என்று நிறைய வேலை நடக்கிறது. 2017-இல் மாநில அரசு குடிமராமத்து என்ற பெயரையே மீட்டு ஒரு திட்டம் தொடங்கியது. நகரங்களில் நிறுவனங்களும் தன்னார்வலர்களும் வருகிறார்கள். அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் நகரத்துச் சீரமைப்புகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நடைபாதை வேண்டும் என்பதற்காக நான்கு பக்கமும் கரை எழுப்பிவிடுகிறார்கள். திறந்து கிடக்க வேண்டிய மேட்டுப் பக்கமும் அடைபட்டுவிடுகிறது. மழைநீர் உள்ளே வர முடியாமல் வெளியே தெருவில் தேங்குகிறது. உள்ளே ஜேசிபி வைத்து ஒரே ஆழத்துக்குச் செங்குத்தாகத் தோண்டுவதால் ஓரத்து ஆழமில்லாத சரிவு போய்விடுகிறது; கோரை வளர்வதும், நாரை இறங்கி நிற்பதும், மீன் குஞ்சு பொரிப்பதும் அந்தச் சரிவில்தான். ஆண்டு முழுக்கத் தண்ணீர் தெரிய வேண்டும் என்ற ஆசையில் சுத்திகரித்த கழிவுநீரை விட்டு நிரப்பி வைப்பதும் நடக்கிறது. அதற்குப் பூங்காக் குளம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஏரிக்கு வேண்டிய காய்ச்சல் அதற்குக் கிடைப்பதில்லை.

ஏற்ற இறக்கத்தோடு ஏரியை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு வேடந்தாங்கல் இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் சுமார் 30 ஹெக்டேர் பாசன ஏரி. 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் உத்தரவு வாங்கினார்கள். மழைக்காலத்தில் கடப்ப மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, அவற்றின் மேல் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகும். கோடையில் ஏரி இறங்கும், பறவைகள் கிளம்பும். அந்த மரங்களுக்குப் பதில் புதிய கன்று ஊன்றுவதற்கும் வற்றிய தரைதான் வேண்டும். பறவை, பாசனம், மரம் மூன்றும் தண்ணீர் ஏறி இறங்குவதை நம்பியே இருக்கின்றன.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம். முதலில் கழிவுநீர் வரும் வாயை அடைக்க வேண்டும், அல்லது சுத்திகரிப்புக்குத் திருப்ப வேண்டும். அடுத்து வரத்துக் கால்வாய். அதன்பிறகே தூர்வாரல். கழிவுநீர் வந்துகொண்டிருக்கும்போது தூர்வாரினால் அதிகக் கழிவுநீர் கொள்ளும் ஏரிதான் கிடைக்கும்.

உங்கள் ஊர் ஏரியின் கால்வாய் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் அ-பதிவேடும் இருக்கும். ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாம் புறம்போக்காகத் தனித்தனிப் புல எண்ணோடு அதில் பதிந்திருக்கும். ஏரியின் மேட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி, அந்த மெல்லிய கோடுகளை ஒவ்வொரு புல எண்ணாக மேலே தொடர்ந்து போய், நேரில் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையிடமும் புல எண்ணைக் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு கால்வாய்க்குள் யாரும் இறங்க முடியாது.