தீப்புண் சிகிச்சையும் அதன் செலவும்

அடுப்பில் அன்னம் சமைக்கும் தீயே அடங்காதவிடத்து ஆருயிர்க்குப் பகையாகின்றது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கூரையிற் பற்றிய தீ 94 குழந்தைகளை மாய்த்தமை, காவிரி பாயும் நாட்டினராகிய நம்மால் மறக்கற்பாலதன்று. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீப்புண் அடைகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவருட் பெரும்பாலோர் வறியவர். ஆகவே, புதிய சிகிச்சைகளுள் செலவுக்கேற்ற பயன் தருவன எவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நமது தோல் இரு படைகளை உடையது. மேற்படை மாத்திரம் வெந்தால் சில நாட்களில் தானே ஆறும். உட்படையும் ஓரளவு வெந்து கொப்புளங் கொண்டால், மயிர்க்கால்களில் எஞ்சிய உயிரணுக்கள் பெருகி இரண்டு மூன்று வாரங்களிற் புண்ணை மூடும். இரு படைகளும் முற்றும் அழிந்தால், வெந்த தோலை நீக்கி, நோயாளியின் உடலிற் பிறிதோரிடத்துத் தோலை எடுத்து ஒட்டுதல் வேண்டும். புண் மூடாதிருக்கும் ஒவ்வொரு நாளும் உடலின் நீர் வற்றும், கிருமிகள் புகும், தழும்பும் பெருகும். புண்ணை விரைவில் மூடுவதே சிகிச்சையின் சாரம். செலவுக் கணக்கின் சாரமும் அதுவே.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இங்குக் கூறும் தொகைகள் விளக்கத்தின் பொருட்டுக் கற்பித்தவை. ஒரு களிம்புக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் ஆகி, புண் ஆற 20 நாட்கள் செல்லும் எனக் கொள்வோம். மருந்துச் செலவு 4,000 ரூபாய். வேறொரு மேற்போர்வை 5,000 ரூபாய் விலையுடையது. ஆயின் 12 நாட்களில் ஆற்றுகின்றது. மருந்து விலையை மட்டும் நோக்கின் களிம்பே மலிவு. நோயாளியும் துணையிருப்பவரும் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கூலி இழப்பரேல், களிம்புக்கு 24,000 ரூபாயும் போர்வைக்கு 17,000 ரூபாயும் ஆகும். மலிவானது எது என்பது இப்பொழுது விளங்கும்.

1968 முதல் உலகெங்கும் வழங்கிவரும் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு விலை குறைந்ததே; எனினும், ஆழமற்ற புண்களை அது தாமதமாகவே ஆற்றுகின்றது எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் மாட்டுத் தோலிலிருந்து கொலாஜன் என்னும் புரதத்தைப் பிரித்து மெல்லிய போர்வையாக்கினர். கிருமி சேராத புண்மேல் இதனை ஒட்டினால் நாள்தோறும் கட்டு மாற்றும் வேதனை இல்லை. மும்பை வைத்தியர்கள் கிருமி நீக்கிய வாழையிலையைக் கட்டாகப் பயன்படுத்தி, 2003இல் முடிவை வெளியிட்டனர். புண்ணில் ஒட்டாது வலியின்றி எடுபடும் அவ்விலை, உருளைக்கிழங்குத் தோற்கட்டினும் 11 மடங்கு மலிவாயிற்று.

ஆழ்ந்த புண்களுக்கு, வெந்த தோலைச் சில நாட்களுக்குள் சீவி நீக்கி உடனே தோல் ஒட்டும் முறையை 1970இல் சோரா யான்செகோவிச் என்னும் யுகோஸ்லாவிய அம்மையார் விளக்கினார். இதற்கு வேண்டுவன தேர்ந்த கையும் இரத்தமுமே; எனவே செலவிட்டதற்கு மிக்க பயன் தருவது இது. 1975இல் மேனாட்டார் கண்ட, ஆய்வுசாலையில் தோலணுக்களை வளர்க்கும் முறையோ மூன்று வாரங்கள் கொள்வது, பெருஞ்செலவுடையது. எடுத்து ஒட்டத் தம் தோலே எஞ்சாதவர்க்கு மட்டும் அது தகும்.

காரைக்காலைச் சேர்ந்த வரிச்சிக்குடி போன்ற ஊர்களை இனி நினைப்போம். புதுச்சேரி ஜிப்மர் வைத்தியசாலை 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. இத்தகைய ஊருக்கு முதல் மருந்து குழாய்நீரே. வெந்தவுடன் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி, உடல் குளிர்ந்துவிடாமற் காத்து வைத்தியரிடம் சேர்த்தால், புண்ணின் ஆழம் குறையும். காசு செலவில்லாத இச்சிகிச்சைக்கு நிகரான பயனுடையது பிறிதில்லை. மை, சாணம், பற்பசை முதலியவற்றைப் பூசுதல் கேடாம். வாழை கொல்லைதோறும் இருப்பினும், பச்சையிலையை அப்படியே புண்ணில் இடலாகாது. வைத்தியசாலையிற் கிருமி நீக்கியதே உதவும்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டிய நல்ல சமாரியன் அவ்வளவில் நின்றானில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மிகுதியையும் தானே தருவதாகக் கூறிச் சென்றான். இரக்கத்தோடு கணக்கும் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும். வைத்தியம் பயிலப் போகும் மாணவரும் ஊராட்சி நடத்தப் போகும் மாணவரும் மருந்தின் விலையை மட்டும் பாராது, நோயாளி மீண்டும் தன் தொழிலுக்குத் திரும்பும் நாள்வரை கணக்கிடப் பழகுவாராக.