கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால்

நம் சங்கத்தின் மாடி ஹாலுக்கு ஏ.சி. போடுவது என்று செயற்குழு தீர்மானித்தபோது பொருளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "சார், நீங்க கம்ப்யூட்டர்ல கட்டடத்தைப் போட்டுப் பார்ப்பீங்களாமே, இதையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்க" என்றார். ஒரு கம்பெனி 15 டன்னுக்குக் கொடேஷன் கொடுத்திருந்தது. அவ்வளவு வேண்டுமா என்று அவருக்குச் சந்தேகம்.

என் தொழில் அதுதான். சுவர், கூரை, ஜன்னல், விளக்கு, ஆட்கள், வெளியே உள்ள வெயில் எல்லாவற்றையும் எண்களாக்கி, வருஷத்தின் 8760 மணி நேரத்துக்கும் கட்டடம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடுவது. இதற்கான எனர்ஜி ப்ளஸ் என்ற மென்பொருளை அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகவே தருகிறது. நம் அகமதாபாத்தின் தட்பவெப்பக் கோப்பும் கிடைக்கிறது. யாரும் உட்கார்ந்து போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்பதில்தான் வழுக்கும்.

வழுக்கியவன் நான். பல வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஓர் அலுவலகக் கட்டடம். "எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு மூன்று மாதம் இரவு பகலாக உழைத்தேன். மேற்குப் பக்கக் கண்ணாடியைப் பாதியாகக் குறைக்கலாம் என்று அறிக்கை கொடுத்தபோது, உரிமையாளர் சிரித்துக்கொண்டே, "கண்ணாடி ஆர்டர் கொடுத்து ஒரு மாதம் ஆச்சே" என்றார். என் அறிக்கை அலமாரிக்குப் போனது. எந்த முடிவு இன்னும் பாக்கி இருக்கிறது, அதை எந்தத் தேதிக்குள் எடுக்கப் போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளை முதல் நாளே கேட்காதது என் தப்பு.

அதனால் இந்த முறை கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலுக்குப் போய் உட்கார்ந்தேன். தமிழ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் டீச்சரிடம் ஹாலை எப்போதெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று விசாரித்தேன். ஞாயிறு காலை வகுப்பு, நவராத்திரி, பொங்கல், சித்திரை விழா, மாதம் ஓரிரு மாலைக் கூட்டம் என்று விரல் விட்டு எண்ணினார். "மே மாசம்?" என்றேன். "மே மாசம் இங்கே யாரு சார் இருக்காங்க? லீவு விட்டதும் எல்லாரும் நவஜீவன் ஏறி ஊருக்குப் போயிடுறாங்களே!"

இந்த ஒரு வாக்கியம் எந்த மென்பொருளிலும் இல்லை. கம்பெனி மே மாத மதியத்தையும் நிறைந்த ஹாலையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வழக்கம் அப்படி. இங்கே மே மாத உச்ச வெப்பம் சராசரியாக 41 டிகிரிக்கு மேல் போகும். ஆனால் நம் ஹால் நிறைவது 36 டிகிரி வாக்கில் இருக்கும் அக்டோபரில், அதுவும் மாலை ஏழு மணிக்கு. பெரிய இயந்திரம் வாங்கினால் விலையோடு போகாது. மின் இணைப்பின் அளவைக் கூட்ட வேண்டும், அதற்கான நிலைக் கட்டணம் ஹால் பூட்டியிருக்கும் மாதத்திலும் வரும். நம் சந்தாப் பணம்.

சில விஷயங்களுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 150 பேர் என்றால் 15 கிலோவாட். ஒரு டன் என்பது மூன்றரைக் கிலோவாட், ஆக நமக்காக மட்டுமே நாலு டன்னுக்கு மேல்! மனக்கணக்குக்குப் பிடிபடாதது கூரைதான். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் சாயங்காலம்தான் கீழே வெப்பத்தை இறக்கும். சரியாக நாம் கூடும் நேரத்தில்.

ஆகவே ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மாடி ஹாலும் அதன் கூரையும் மட்டும், கீழ்த்தள வகுப்பறைகள் சேர்த்தியில்லை. கூரை இப்போது இருப்பது போல, வெள்ளைச் சைனா மொசைக் பதித்தால், மொசைக்கோடு வெப்பத் தடுப்பும் போட்டால் என்று மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை டன். மூன்று வாரம். சென்ற ஆண்டு மின்சாரப் பில்களைப் பொருளாளர் தர வேண்டும். வரப்போகும் பில் தொகையை நான் சொல்ல மாட்டேன், எது எதைவிட மேல் என்றுதான் சொல்வேன். கோப்பில் உள்ள வானிலை பல வருஷங்களிலிருந்து மாதம் மாதமாகப் பொறுக்கிய சராசரி வருஷம். அடுத்த வருஷம் அப்படியே நடக்கும் என்று யார் கையெழுத்துப் போடுவது?

காகிதத்தைப் படித்த செயலாளர் நிமிர்ந்தார். "மே மாசம் வெளியாருக்குக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டா, கடனை அடைச்சுடலாமே?" நியாயமான யோசனை. அப்படியானால் நான் எழுதிய கணக்கே மாறிவிடும். விடுவோமா மாட்டோமா என்பது சங்கம் முடிவு செய்ய வேண்டியது, மாதிரிக் கணக்கில் அதற்குப் பதில் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பொதுக்குழுவில் இரண்டு மணி நேர வாக்குவாதம். குழந்தைகளின் வகுப்புக்கான இடத்தைக் கல்யாண மண்டபமாக்க வேண்டாம் என்று கடைசியில் முடிவாயிற்று, நாலைந்து பேர் முகம் சுளித்தாலும்.

பிறகு கணக்குப் போட எனக்குப் பதினைந்து நாள்தான் ஆனது. வெள்ளை மொசைக்கோடு 10 டன் போதும். தடுப்பும் போட்டால் கிடைக்கும் லாபம், நாம் ஹாலைத் திறக்கும் சொற்ப மணி நேரத்தில், அதன் செலவை ஈடுகட்டாது. மே மாத மதியத்தில் ஹால் நிறைந்தால் குளிர் போதாது என்பதையும் எழுதி, நிர்வாகிகளின் கையெழுத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் உடைந்த வெள்ளை ஓடுகள் வந்து இறங்கிவிட்டன. கூரைக்கு அடியில் வெப்பமானி ஒன்றும் மாட்டியாயிற்று. மாலைக் கூட்டத்துக்கு வருபவர்கள் ஏழு மணிக்கு அது காட்டும் எண்ணைப் பக்கத்து நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். என் கணக்கு எவ்வளவு தவறு என்று நவராத்திரிக்குப் பிறகு பார்க்க வேண்டும்.