அடைக்கலமாக வந்த மட்டக்குதிரை

முன்னாளில் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஜட்கா இழுத்த மட்டக்குதிரையை இந்நாளில் மெரினாக் கடற்கரையில் சிறுவரைச் சுமந்து செல்லக் காண்கிறோம். அதனை வளர்ப்போர் வெளியூர் செல்ல நேரின், முதிர்ந்ததொன்றைச் சில நாள் நம்மிடம் ஒப்புவித்தலும் கூடும். அப்பொழுது நாம் அறிய வேண்டுவன சில உள.

முதற்கண், அதன் தீனி வழக்கத்தைத் திடீரென மாற்றலாகாது. குதிரைக்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இல்லை; பழகாத தீனி கொடிய வயிற்றுச் சூலையை விளைத்து உயிரையும் கவரும். அன்பினால் நாம் மிகுதியாக இடும் தானியம் அதன் குளம்பினுள் அழற்சியை உண்டாக்கி, நடக்கவொட்டாமற் செய்யும். ஆகவே, உரியவர் இடும் கொள்ளும் தவிடும் புல்லும் இன்ன அளவென முன்னரே கேட்டறிதல் வேண்டும். 20 ஆண்டு கடந்த குதிரைக்குப் பற்கள் தேய்ந்திருக்குமாதலின், கொள்ளை ஊறவைத்து வேகவைத்தும், தவிட்டை நனைத்தும் இடுதல் நன்று. நிழலும் தூய நீரும் எந்நேரமும் வேண்டும்.

அது தீனியை மறுத்து, விலாவைத் திரும்பி நோக்கி, படுத்துப் புரளுமாயின், தாமதியாது கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். அம்மருத்துவர் யாவர், சிகிச்சைக்கு எவ்வளவு செலவிடலாம் என்பவற்றை உரியவர் புறப்படுமுன்னரே எழுதி வாங்கிக்கொள்வோமாக.

அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் 1960-ஆம் ஆண்டில் எழுந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், ஒரு பிராணியைத் தற்காலிகமாகத் தம் வசம் வைத்திருப்பவரையும் அதன் ‘உரிமையாளர்’ என்றே கொள்கின்றது. ஆதலின், ஒரு நாளே காப்பினும், அதன் பசிக்கும் நோவுக்கும் நாமே பொறுப்பாவோம்.