செயலி ஆக்கலும் எழுத்தெண்ணலும்

கைத்தொலைபேசிச் செயலிகளைப் பிறர் செய்து தரப் பெற்றுப் பயன்படுத்துவதோடு அமையாமல், தாமே செய்து பார்க்க விழைவோர் இன்று பலர். அவர்களுக்கென இணையவழித் தொடக்கப் பாடங்கள் மிகுந்துள்ளன. அவற்றுள் பள்ளி மாணவர்க்கும், நிரல் எழுதிப் பழகாத ஆசிரியர்க்கும் ஏற்றது 'ஆப் இன்வென்டர்' என்பதாகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஹெரால்டு ஏபல்சன் கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் தோன்றிய இம்முறை, 2010இல் பொதுமக்களுக்கு வழங்கப்பெற்றது. 2012 முதல் அக்கழகத்தின் பொறுப்பில் இயங்கி வருகின்றது. கட்டணம் இல்லை.

இதில் கட்டளைகளை வரிவரியாக எழுத வேண்டுவதில்லை. ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ணத் துண்டாகத் திரையில் நிற்கும். அத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துதலே வேலை. முதற்பாடம் ஒரு பூனை. பூனைப் படம் பதித்த பொத்தானைத் தொட்டால் பூனை கத்தும், அவ்வளவே. சிறுபிள்ளை விளையாட்டெனத் தோன்றினும், செயலியின் அடிப்படை இதனுள் அடங்கியுள்ளது. செயலி என்பது தொடங்கியவுடன் ஓடி முடிவதன்று. ஒன்று நிகழும்வரை காத்திருந்து, நிகழ்ந்தபின் வினைப்படுவது. 'தொட்டால்' என்னும் எச்சத்தை 'கத்தும்' என்னும் முற்று வந்து முடிப்பது போலவே, ஒரு துண்டின் வாய்க்குள் மற்றொரு துண்டு சென்று பொருந்துகின்றது. தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதியதன்று.

இத்தகைய பாடங்களில் ஒரு குறையுண்டு. காட்டியதைக் காட்டியவாறே செய்யும் மாணவன் பிழையின்றிச் செய்துவிடுவான். தானாக ஒன்றைச் செய்யப் புகும்போதுதான் திகைப்பான். ஆதலின், பூனைப் பாடம் முடிந்தவுடன் மாணவனிடம் வேறொரு வேலையைக் கொடுத்தல் நன்று. ஒரு சொல்லைத் தட்டச்சிட்டால் அதில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று கூறும் செயலி அதற்குத் தக்கது.

நீளத்தை அளக்கும் துண்டு ஆப் இன்வென்டரில் ஆயத்தமாக உள்ளது. அதனைப் பொருத்தித் 'தமிழ்' என்று தட்டச்சிட்டால் விடை 3 என்று வராது. 5 என்று வரும். 'அம்மா' என்பதற்கும் 5. 'பல' என்பதற்கு மட்டும் 2 என்று சரியாக வரும். கருவி பிழைக்காது என்று நம்பும் சிறுவன், தான் பள்ளியில் கற்ற இலக்கணத்தையே ஐயுறக் கூடும். ஆசிரியர்கள் கவலை கொள்ள வேண்டிய இடம் இது.

உண்மையில் கருவி எண்ணியது எழுத்தையன்று, குறிகளை. கணினிகள் இன்று கையாளும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட குறியீட்டு முறையைத் தழுவியே அதில் தமிழுக்கு இடம் வகுத்தனர். அம்முறையில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. 'மி' என்பது மகரமும் கொக்கியுமாக இரண்டு குறிகள். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. தகரம் ஒன்று. ஆக ஐந்து. இலக்கண நூலாரோ மெய்யை முதலாகக் கொண்டு, க் என்பதனோடு அகரம் சேர்ந்து 'க' ஆயிற்று என்பர். கணினியோ 'க' என்பதை முதலாக வைத்து, புள்ளியிட்டு அகரத்தை நீக்குகின்றது. இரண்டும் நேர்மாறான வழிகள். இது கணினியின் அறியாமையன்று. எழுதும் முறையைப் பின்பற்றிய ஏற்பாடேயாம். இதனை அறியாது ஐந்து குறிகளையும் பின்னிருந்து முன்னாக அடுக்கினால், 'ழ்மித' என்று வரவேண்டியது, தனியே தொங்கும் ஒரு புள்ளியும் 'ழிமத' என்பதுமாய் நிற்கும்.

திருத்தும் வழி கடினமன்று. கால், கொக்கி, கொம்பு முதலிய உயிர்க்குறிகள் 11, புள்ளி 1. இப்பன்னிரண்டையும் ஒரு பட்டியலில் இட வேண்டும். சொல்லின் முதற்குறி தொட்டு இறுதிவரை ஒவ்வொன்றாக எடுத்து, 'இது பட்டியலில் உள்ளதா?' என்று வினவ வேண்டும். உள்ளதாயின் விட்டுவிடுக, இல்லையாயின் கணக்கில் ஒன்றைக் கூட்டுக. இப்போது 'தமிழ்' 3 என்றே வரும். சுழற்சி, நிபந்தனை, பட்டியல் என்னும் மூன்று கருத்துகளையும் மாணவன் இந்த ஒரு பயிற்சியிலேயே கற்றுவிடுகின்றான். பத்துப் பூனைகளைக் கத்தச் செய்தாலும் இவை வாரா.

அடுத்த பயிற்சி மாத்திரைக் கணக்காக இருக்கலாம். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½ எனக் கொண்டால் 'தமிழ்' 2½ மாத்திரை பெறும். இதுவரை எளிது. ஆயின் 'பசு' என்பதிலுள்ள உகரம் முற்றியலுகரம். அச்சொல் 2 மாத்திரை பெறும். 'காசு' என்பதிலுள்ளதோ குற்றியலுகரம். ஆங்குக் ககர ஆகாரத்திற்கு 2, ஈற்றுக்கு ½ என மொத்தம் 2½. இவ்வேறுபாட்டைச் செயலி காட்ட வேண்டுமாயின், ஈற்றெழுத்தை மட்டும் பார்த்தல் போதாது. அது வல்லினத்தின்மேல் ஏறிய உகரமா, அதற்கு முன் நிற்பது ஒரே எழுத்தா, அவ்வெழுத்துக் குறிலா நெடிலா என்று அடுத்தடுத்து வினவும் துண்டுகளை மாணவன் அடுக்க வேண்டும். எந்த வினாவை முதலில் வைப்பது என்று அவன் கேட்கும்போது விடை கூற வேண்டியவர் தமிழாசிரியரே.