படிக்கட்டு சொல்லும் கணக்கு

கணக்கு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. கேரள எல்லையில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ அதோடு மொழிச் சுமையும் சேர்ந்துகொள்கிறது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காட்டுச் சித்தூரும், இடுக்கி மலையின் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. அங்கே தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது.

அங்குள்ள பத்தாம் வகுப்புக் கணக்கில் முக்கியமான பாடம் ஒன்று. மலையாளத்தில் அதற்குச் 'சமாந்தர ஸ்ரேணி' என்று பெயர். தமிழ்நாட்டில் 'கூட்டுத் தொடர்வரிசை'. இலங்கையில் 'கூட்டல் விருத்தி'. ஆங்கிலவழியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு 'அரித்மெடிக் புரோகிரஷன்'. பெயர்கள் நான்கானாலும் பொருள் ஒன்றே. பெயர் மாறியதும் மிரளும் பிள்ளை, தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்வதால் வரும் வினை இது.

பொருள் மிக எளிது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கூடிக்கொண்டே போகும் எண்களின் வரிசை அது. ஒரு சிறுமி முதல் நாள் 5 ரூபாய், மறுநாள் 7, அடுத்து 9 என்று ஏழு நாள் உண்டியலில் போடுகிறாள். கடைசி நாள் 17 ரூபாய். மொத்தம் எவ்வளவு? முதலும் கடைசியும் சேர்ந்தால் 22. இரண்டாவதும் ஆறாவதும் சேர்ந்தாலும் 22. அதில் பாதியான 11 தான் சராசரி; நடு நாளின் தொகையும் அதுவே. 11-ஐ 7-ஆல் பெருக்க 77 ரூபாய்.

இந்த வழியை கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் நூலில் கூறிவிட்டார். ஜெர்மனியின் காஸ் பிறந்தது 1777-இல் தான். ஆரியபட்டர் நூலுக்கு உரை எழுதிய நீலகண்ட சோமயாஜி (பிறப்பு 1444), திரூர் அருகே திருக்கண்டியூரைச் சேர்ந்தவர். பாலக்காட்டைக் கடந்து வரும் பாரதப்புழை கடலில் கலக்கும் இடத்திலிருந்து அவ்வூர் அதிகத் தொலைவில் இல்லை. அவர் இதைப் படமாகவே விளக்கினார். 1 முதல் 10 வரை சதுரங்களைப் படிக்கட்டுப் போல் அடுக்குங்கள். அதேபோல் இன்னொரு படிக்கட்டைத் தலைகீழாகப் பொருத்துங்கள். 10-க்கு 11 என்ற செவ்வகம் கிடைக்கும். மொத்தம் 110 சதுரங்கள், பாதி 55. சூத்திரம் முழுவதும் இந்தப் படத்திலேயே அடங்கியிருக்கிறது.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 12, 15, 18 என 48 வரை எத்தனை எண்கள்? 36-ஐ 3-ஆல் வகுத்து 12 என்று எழுதிவிடுவார்கள். அது இடைவெளிகளின் எண்ணிக்கை. வேலியில் 12 இடைவெளி இருந்தால் கால்கள் 13 அல்லவா? எனவே 13 எண்கள், சராசரி 30, கூட்டுத்தொகை 390.

பெற்றோர்களே, பள்ளியில் எந்த மொழியில் படித்தாலும், வீட்டில் இதைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும். வாசலில் கோலம் போடும் தாய்மார்களுக்கு இது புதிதும் அல்ல. 7 புள்ளியில் தொடங்கி இருபுறமும் 4 வரை குறையும் இடைப்புள்ளிக் கோலத்தில் மொத்தப் புள்ளிகள் எத்தனை? எண்ணாமல் கணக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். விடை 37. எப்படி வந்தது என்பதைப் பிள்ளையே விளக்கட்டும்.